அறுபது கஜம்

ஷெரிஃப், உங்கள் அலுவலகத்துக் காபி நன்றாகவே இருக்கிறது. எங்கள் வேட்டைக் கேம்ப்பில் போடுவது தார் மாதிரி இருக்கும். என் தம்பி லெஸ்டருக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும். இன்னொரு கோப்பை கிடைத்தால் குடிப்பேன், அவசரமில்லை.

நேற்று நீங்கள் அன்பாகத்தான் பேசினீர்கள். மரப்பாலத்துக்குப் பக்கத்தில் நின்ற மானை நான் குறிவைத்தேன். துப்பாக்கியில் குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பைப் பிடித்திருந்த மவுண்ட்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அதனால் தோட்டா விலகிப்போய் லெஸ்டர்மேல் பாய்ந்துவிட்டது. இப்படித்தான் நடந்திருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். நானும் மறுக்கவில்லை. லெஸ்டரின் மகள் க்வென் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்ல பெரியப்பா" என்று அழுதாள். எல்லாரும் இவ்வளவு நல்லவர்களாக இருக்கும்போது மறுத்துப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சுட்டபோது அந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கவில்லை. உங்கள் ஆட்கள் துப்பாக்கியை வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு அந்தக் காட்டுப்பாதையில் வந்தார்களே, அதில் தளர்ந்திருக்கும். பொருத்திக் கொடுத்த துப்பாக்கிக் கடைக்காரர் ஹாலிஸ்மேல் பழி விழுவது நியாயமில்லை. அதற்காகத்தான் உங்களை மறுபடி கூப்பிட்டேன்.

எங்கள் கேம்ப்பில் அப்பா காலத்திலிருந்து ஒரு சட்டம் உண்டு. மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், காபி டப்பாவின் மூடியை ஒரு பிர்ச் மரத்தில் அடித்துவைப்போம். ஆளுக்கு ஒரு தோட்டாதான். மூடியைத் தவறவிட்டவன் துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு, அந்த வேட்டைக்காலம் முழுக்கச் சமையல் செய்ய வேண்டும். போன வருடம் நான் தவறவிட்டேன். என் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. தூரத்தில் நிற்கும் மானின் காது அசைவதுகூடத் தெரியும். துப்பாக்கி முனையில் இருக்கிற அந்தச் சின்னக் குறிமுள்தான் மங்கிப்போயிருந்தது. அறுபத்தெட்டு வயதில் யாருக்கும் அப்படித்தான்.

லெஸ்டர் அப்பாவின் பழைய ஏப்ரனை எடுத்துவந்து என் இடுப்பில் கட்டிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் காட்டுக்குப் போனபிறகு இறைச்சி அடைத்துச் சுடும் பாஸ்டிக்கு மாவு பிசைந்தேன், நீராவிக் குளியலுக்குச் சவுனாவில் விறகு போட்டேன். கடைசி நாள் சாப்பாட்டின்போது அவன் என்னிடம், "அண்ணே, அப்பா துப்பாக்கி சமையல்கட்டுல கெடந்து தூங்கணுமா? க்வென்கிட்ட குடுத்துரேன், அவ நல்லா சுடுறா" என்றான். எரிச்சலாகச் சொல்லவில்லை, உருளைக்கிழங்கு கேட்கிற மாதிரிதான் சொன்னான். பார்க்கலாம் என்றேன். வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு அதுவும் போய்விட்டது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, உள்ளே அப்படி ஆகிவிட்டது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

ஆகஸ்ட்டில் ஹாலிஸ் கடைக்குப் போனேன். உங்கள் அப்பாவும் அங்கேதான் துப்பாக்கி வாங்குவார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவின் துப்பாக்கி பழைய லீவர் வகை. லீவரை இழுத்தால் காலித் தோட்டா மேல்பக்கமாகத் துள்ளி விழும். நேர் மேலே ஸ்கோப் வைத்தால் அதில் மோதும். ஆகவே இடப்பக்கம் துளை போட்டு, மவுண்ட்டைப் பக்கவாட்டில்தான் பொருத்த வேண்டும். அப்பாவின் துப்பாக்கியில் துளை போட ஹாலிஸுக்கே மனம் வரவில்லை. துளையிடும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டார். போடுங்கள் என்றேன். கன்னத்தை இடப்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்பதால் கட்டையில் தோல் திண்டு ஒன்றும் கட்டச் சொன்னேன்.

ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்கத்தான் நேரம் பிடித்தது. ஹாலிஸ் ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதை எடுத்துவைத்தார். அது மேற்கே மலை வெளியில் சுடுகிறவர்களுக்கு ஆகும். எங்கள் காட்டில் அதை வைத்துப் பார்த்தால் மரப்பட்டைதான் கண்ணை நிறைக்கும். நான் இரண்டரை மடங்கு எடுத்தேன். அதில் ஆள் முழுசாகத் தெரியும், முகமும் தெரியும். மங்கலான காலையிலும் வெளிச்சம் தேங்கி நிற்கும். ஸ்க்ரூக்களுக்குப் பசை வைத்து முடுக்கி, ஒரு வாரம் கழித்து மறுபடி முடுக்கிப் பார்த்தேன். ஒரு நூல்கூட நகரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அன்று தளர்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

பக்கவாட்டு ஸ்கோப்பில் ஒரு சிக்கல் உண்டு. பார்வை ஒரு கோட்டில் போகும், தோட்டா இன்னொரு கோட்டில் போகும். இரண்டும் ஓரிடத்தில்தான் வெட்டிக்கொள்ளும். அதற்கு முன்னாலும் பின்னாலும் தோட்டா கொஞ்சம் பக்கம் விலகும். விரலளவு விலகல்தான், மான் வேட்டைக்காரன் யாரும் பொருட்படுத்தமாட்டான். நான் பொருட்படுத்துகிறவன். எத்தனை கஜத்துக்குச் சீர் செய்யட்டும் என்று ஹாலிஸ் கேட்டார். எல்லாரும் நூறு என்பார்கள். நான் அறுபது என்றேன். "அறுபதா? மானு வந்து உன் மடியில உக்காருமா எல்டன்?" என்று கேலி செய்தார். நேற்று அவரிடம் நீங்கள் எவ்வளவோ கேட்டீர்களாம். இதைக் கேட்கவில்லை.

இந்த வருடம் கேம்ப்பில் லெஸ்டர் ஸ்கோப்பைப் பார்த்ததும், "அப்பா துப்பாக்கிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிட்டியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மூடி நூறு கஜத்தில் இருந்தது. அதனால் ஒரு துளி வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தேன். மூடியின் நடுவில் ஓட்டை விழுந்தது. லெஸ்டர் ஓடிப்போய் மூடியைப் பிடுங்கிவந்து எல்லாருக்கும் காட்டினான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போன வருஷம் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணே. துப்பாக்கி உன்னோடதுதான். நீ இருக்கிற வரைக்கும் எவனும் தொடமாட்டான்" என்றான். கண் கலங்கியிருந்தது. சரி லெஸ்டர் என்றேன். மன்னித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவன்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் மிச்சமில்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஸ்கோப் அறுபதுக்குச் சீர் செய்யப்பட்டுவிட்டதே. மறுபடி மாற்றுவதென்றால் ஒரு பகல் முழுக்க வேண்டும், தோட்டாக்களும் வீணாகும்.

லெஸ்டர் ஒவ்வொரு வருடமும் வேட்டை தொடங்கும் நாள் காலை, தன் மறைவிடத்திலிருந்து இறங்கி, ஓடைமேல் இருக்கும் மரப்பாலத்தைத் தாண்டி என் மறைவிடத்துக்குக் காபி கொண்டுவருவான். அந்த நேரத்தில் மான் நடமாட்டம் அடங்கிவிடும். நான் சமைத்த வருடம் ஒன்றுதான் அது நின்றது. என் மறைவிடத்திலிருந்து பாலத்தின் நடுப்பலகைவரை அறுபது கஜம். ஜூலையில், கொசுக்கடியில், கயிறு பிடித்து அளந்தேன். ஹாலிஸ் கடைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

அன்று லேசாகப் பனி பெய்தது. பாலத்துக்குப் பக்கத்தில் மான் எதுவும் நிற்கவில்லை. அவன் ஆரஞ்சு மேலங்கியோடு வந்தான். பிளாஸ்க்கிலிருந்து முன்பே ஊற்றியிருப்பான்போல, இரண்டு கைகளிலும் கோப்பை இருந்தது. நடுப்பலகையில் நின்று, நான் இருக்கும் பக்கம் பார்த்து, எனக்கான கோப்பையைத் தூக்கிக் காட்டினான். அதிலிருந்து ஆவி போவது எனக்குத் தெரிந்தது. அவன் உதட்டில் வெடிப்பு இருந்தது, அதுவும் தெரிந்தது. தள்ளிக் குறிவைக்க அவசியமே இருக்கவில்லை. மேலங்கியின் மூன்றாவது பொத்தான். உடலைப் பரிசோதித்த உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆக, கண்ணும் சரி, ஸ்க்ரூவும் சரி. உங்கள் அறிக்கையில் விபத்து என்று இருக்கிற இடத்தில் கொலை என்று மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. குறி தவறியது என்று இருக்கிற வரியை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள். அது அறுபது கஜம். லெஸ்டர் இருந்திருந்தால் அன்று சாயங்காலம் கேம்ப்பில் எல்லாரையும் கூப்பிட்டு அண்ணன் குறி தவறவில்லை என்று அவன்தான் சொல்லியிருப்பான்.