சர்வேயரின் நாய்

ஞாயிற்றுக்கிழமைகளில் அட்ராக்டாவின் பப் வாசலில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. ஆகவே மதிய உணவை முடித்த உடனேயே நான் புறப்பட்டுவிடுவது வழக்கம். இருபுறக் கதவுகளையும் தாராளமாகத் திறக்க வசதியான இடம் அங்கு ஒன்றே உண்டு. அது பெரும்பாலும் எனக்குக் கிடைத்துவிடும்.

என் பெயர் யூனன் காலன். நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றபின், கிளேர் மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள இந்த ஊருக்குக் குடிவந்தேன். வயலின் கற்பதற்கு உரிய வயதைக் கடந்தபின், நூல்களின் துணையால் மட்டுமே அதைக் கற்றேன். வில்லைப் பிடிக்கும் முறை, தந்தியில் விரல் அமரும் இடம், இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் ஒழுங்கு ஆகிய அனைத்தையும் பிழையறக் கற்றேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பப்பில் கூடி வாசிப்போர் எவருக்கும் குறிப்பு படிக்கத் தெரியாது. அவர்கள் காதால் கற்றவர்கள்.

அவர்கள் சன்னலோர மேசையைச் சுற்றி அமர்வார்கள். என் நாற்காலி கழிப்பறைக் கதவுக்கு அருகில் இருந்தது. அதில் என்னை யாரும் அமர்த்தவில்லை, எழுப்பவும் இல்லை. என்னைச் 'சர்வேயர்' என்று அழைத்தார்கள். என் பெயரை அறிந்தவர் தபால்காரர் ஒருவர்தான் என்று கருதுகிறேன்.

அந்த மேசையின் நடுநாயகம் மாலக்கி டால்ட்டி. படகு எந்திரங்களைப் பழுதுபார்த்து வாழ்ந்தவர், மனைவியை இழந்தவர். அவர் புதிதாக ஒரு ரீல் இயற்றியிருந்தார். ரீல் என்பது இரு பகுதிகளைக் கொண்டு, வட்டமிட்டு மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும் விரைவான நடன மெட்டு ஆகும். மாலக்கியின் மெட்டில் தாளம் எதிர்பாராத இடத்தில் சாய்ந்து, விழப்போகும் தறுவாயில் நிமிரும். பழைய மெட்டுகளில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. அதற்குப் பெயர் இல்லை. அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு முறையும் அவர் அதை வேறு விதமாக வாசித்தார்.

அதன் சரியான வடிவம் எது என்று ஒருநாள் கேட்டேன்.

"நேத்து வாசிச்சது நேத்துக்குச் சரி. இன்னைக்கு வாசிச்சது இன்னைக்குச் சரி. உனக்கு எந்தக் கிழமை வேணும், சர்வேயர்?" என்றார். மேசை சிரித்தது.

ஒரு நிலத்தின் எல்லை கிழமைக்கு ஒன்றாக இருக்க இயலாது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் அனுமதியுடன் அன்றைய வாசிப்பைத் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தப் பதிவை வேகம் குறைத்துக் கேட்டேன். வில் செல்லும் திசை, விரல் வழுக்கும் அளவு என ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில் ஒரு தாளத் தட்டு அளவுக்கு ஒலி நின்றது. அதற்கு முன் மாலக்கி மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. அந்த மாதங்களில் என் வீட்டில் கேட்ட பிற மனித மூச்சு அது ஒன்றே. அந்த மௌனமே மெட்டின் உயிர்நிலை என்று முடிவு செய்தேன். உரிய குறியுடன் அதைப் பதித்தேன்.

வசந்தத்தில் ஒரு ஞாயிறன்று, தாளை மேசையில் பீர்க் கோப்பைகளுக்கு நடுவே விரித்து, அதன்படி வாசித்துக் காட்டினேன். மௌனத்தை அடைந்ததும் வில்லை உயர்த்தினேன். மாலக்கி புருவத்தைச் சுருக்கினார்.

"ஏய், இரு இரு. அங்க ஏன்யா நிறுத்துற?"

நீங்கள் நிறுத்தினீர்கள், பதிவில் இருக்கிறது என்றேன்.

அவர் சற்று யோசித்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். "அட பாவி! அன்னைக்கு அட்ராக்டாவோட நாய் என் கால்சட்டையைக் கவ்விடுச்சுய்யா. அதை உதைக்கத்தான் வில்லைத் தூக்கினேன்!"

"சர்வேயர் நாயையும் சேர்த்து அளந்துட்டாருடா!" என்றான் புல்லாங்குழல் வாசிப்பவன்.

அட்ராக்டா கோப்பை துடைப்பதை நிறுத்தினாள். "இத்தனை நாளா பேர் இல்லாமக் கெடந்துச்சுல்ல? இந்தா வந்துருச்சு பேரு. சர்வேயரின் நாய்!"

இங்கு மெட்டுகள் இவ்வாறே பெயர் பெறுகின்றன. பெற்றபின் அதை எவராலும் நீக்க இயலாது. வைத்தவரும் சிரித்தவரும் மறைந்தபின்னும் அந்தப் பெயரைச் சொல்லியே வாசிப்பார்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாலக்கி அந்த மெட்டை எடுத்தார். அந்த இடத்தை அடைந்ததும் வில்லை உயர்த்தினார். மேசையில் இருந்த அனைவரும் நிறுத்தினார்கள். ஒரு தட்டு அளவுக்குப் பப் முழுவதும் மௌனம். எல்லா முகங்களும் கழிப்பறைக் கதவை நோக்கித் திரும்பிச் சிரித்தன. எனினும் நான் வேறொன்றைக் கவனித்தேன். முதல்முறையாக, காற்றில் ஒலித்த மெட்டும் தாளில் இருந்த மெட்டும் இம்மியளவும் வேறுபடவில்லை.

அவர் வீடு என் வழியில் இருந்ததால் அவரைக் காரில் கொண்டுவிடுவது வழக்கம். வெயில் இன்னும் இருந்தது. அவர் வயலினைப் பின்னிருக்கையில் வைத்துவிட்டு, கதவு வந்து பொருந்தும் தூணை இடக்கையால் பற்றியவாறு முன்னிருக்கையில் அமர்ந்தார்.

"மெட்டுல நீ போட்ட ஓட்டை நல்லாத்தான்யா இருக்கு. வாரம் பூரா வாசிச்சுப் பார்த்தேன். வெச்சுக்கப் போறேன்."

நன்றி என்றேன்.

"ஆனா அடுத்த வாரம் அதைக் கொஞ்சம் முன்னால தள்ளிப் பார்க்கலாம்னு இருக்கேன். முதல் பகுதியில வந்தா எப்படி இருக்கும், சொல்லு?"

நான் அவர் பக்கக் கதவை மூடினேன்.

காற்றுதான் கதவை அறைந்தது என்று முதலில் சொன்னவர் மாலக்கிதான். மருத்துவமனையில் செவிலியிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. இந்தக் கரையில் காற்று கதவைப் பிடுங்குவது புதிதல்ல என்பதால் எவரும் ஐயுறவும் இல்லை. இடக்கையின் விரல்கள் இனி தந்தியை அழுத்தா என்று மருத்துவர் தெரிவித்தார்.

"சும்மா மூஞ்சியத் தொங்கப் போடாத," என்றாள் அட்ராக்டா, அடுத்த வாரம் என் முன் தேநீரை வைத்தபடி. "எங்க அப்பா இந்த மேசையில சாகுற வரைக்கும் வாசிச்சாரு. அவர் பேர்ல ஒரு மெட்டு கிடையாது. உனக்கு இருக்கு. இனிமே நீ இந்த ஊர்க்காரன்யா. நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போடு."

இங்கு பெயர் வைப்பது ஒருவரைச் சேர்த்துக்கொள்வது என்று அதுவரை எனக்குத் தெரியாது. முன்பே தெரிந்திருந்தால் கதவை மூடியிருப்பேனா என்று நேர்மையாக ஆராய்ந்தேன். மூடியிருப்பேன். மெட்டு அந்த மாலையில்தான் சரியாக இருந்தது.

என் கணிப்பில் ஒரு பிழை நேர்ந்ததையும் மறைக்கலாகாது. மாலக்கி இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறார். மற்றவர்கள் அந்த மெட்டை வாசித்து வில்லை உயர்த்தும்போது, அவர் அந்த மௌனத்தில் நாயைப்போல் குரைக்கிறார். ஒரு வாரம் குட்டி நாய், ஒரு வாரம் கிழ நாய். குரைப்புக்கு இசைக்குறிப்பில் அடையாளம் இல்லை. நான் மேசையருகில் என் புதிய இடத்தில் அமர்ந்து, தாளில் உள்ளபடி மௌனமாக இருக்கிறேன்.

முழுமையின்பொருட்டு இரு செய்திகளைச் சேர்க்கிறேன். அன்று காற்று வீசவில்லை. மேலும், முதல் முறை கதவு சரியாகப் பொருந்தாததால், அதைத் திறந்து மீண்டும் மூடினேன்.

அவரை இப்போதும் நானே வீட்டில் விடுகிறேன். முன்பு வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார், இப்போது பேசுவதில்லை. எங்களுக்கிடையே சொற்கள் தேவைப்படாத ஒரு புரிதல் உண்டாகிவிட்டதாக எண்ணுகிறேன். காரில் ஏறியதும், நான் சுற்றிவந்து கதவை மூடி முடிக்கும்வரை, அவர் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். கோடையிலும் அவருக்குக் குளிர்கிறது போலும்.