பச்சைமலையில பறிச்ச ஓரிதழ்தாமரை

அய்யோ, அதுக்கில்லீங்க. ஆம்பளைங்க லேகியத்துக்குப் பறிக்கிறதுதான் உங்க மலையில தெரியும். நான் திருச்சி காலேஜ்ல பாட்டனி சொல்லிக்குடுக்கறேன். ஹம்ஸான்னு பேரு. இந்தச் செடிப் பைய மடியில வச்சுக்கறேன், நீங்க கிழங்கு மூட்டைய சீட்டுக்கடியில நகத்துங்க.

இந்தச் செடிக்குள்ள ஒரு புரோட்டீன் இருக்கு, பொடிசு. மத்த புரோட்டீனெல்லாம் நூல் மாதிரி, ரெண்டு முனை இருக்கும். வயித்துக்குள்ள போனா முனையிலேருந்து அரிச்சுடும். இது வளையல் மாதிரி, முனையே கிடையாது. கொதிக்க வச்சாலும் உடையாது.

இல்லீங்க, எல்லாச் செடியிலயும் வராது. அதான் அதிசயமே. காப்பிக் குடும்பத்துல சிலது, இது, நம்ம சங்குப்பூ, இன்னும் கொஞ்சம். ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. சங்குப்பூ என்ன பண்ணிச்சு, விதைக்குள்ள சேத்து வைக்கிற சாதா புரோட்டீனோட அச்சையே மாத்தி, பூச்சிய விரட்ட வளையம் பண்ணிண்டுடுத்து. எத்தனை லட்சம் வருஷம் ஆச்சோ.

மருந்துதான். என் தங்கைக்கு, வேதவதி. பொன்மலை ரயில்வே ஆபீஸ்ல வேலை பாத்தா. கால் மரத்துப்போறதுன்னா, அப்பறம் கை, அப்பறம் கண்ணு. அவ உடம்பே அவ நரம்பத் தின்னுது. உங்க மலைச் செடியோட வளையம் ஒண்ணு, அப்படி நரம்பத் தின்னற செல்லுங்கள லேப்ல தட்டுல வச்சு அடக்கிடுத்து. சொன்னதும் வேதா படுத்துண்டே சிரிச்சா.

எலிக்குக் குடுத்துப் பாக்கக்கூட செடி பத்தல. திரும்ப வந்தா மொதல்ல பறிச்ச அந்தச் சரிவு பூரா மரவள்ளி, களைக்கொல்லி அடிச்சிருக்கு. உங்களச் சொல்லலீங்க, நீங்களும் சாப்பிடணுமே. வேற சரிவுல பறிச்சா வேற வளையம் இருக்கு. அது ஒண்ணும் பண்ணல.

இதுவா? இதுவும் வேற சரிவுதான். அதுவே கிடைச்சாலும் மருந்தாக பத்து வருஷம் ஆகும்.

பின்ன எதுக்கு வந்தேனா?

காலைல டாக்டர் வந்தார். இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்னார். வேதா என் புடவையப் பிடிச்சுண்டா. மலைக்குப் போகாதே அக்கா, பக்கத்துல உக்காருன்னா. வாய் குழறித்து, ஆனாப் புரிஞ்சுது. விரல மெதுவா எடுத்துவிட்டுட்டு செருப்ப மாட்டிண்டேன். போனையும் ஆஃப் பண்ணிட்டேன்.

துறையூர் வந்துடுச்சு பாருங்க, மூட்டைய எடுத்துக்குங்க. நான் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகணும். பஸ் மெதுவாவே போகட்டும்.