சின்னத்தொரையின் நடை

— “1976 மே 11, செவ்வாய்க்கிழமை, மாலை ரயில். பதுளையிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பல். அழகையா, மனைவி கருப்பம்மா. ஆட்கள் இரண்டு.” இந்தக் கடுதாசியில இவ்வளவுதான் எழுதியிருக்கு, கருப்பம்மா.

— அடியில இன்னொரு வரி இருக்கும், பாருங்க இப்றாஹீம் மொதலாளி.

— அடியில சீல்தான் இருக்கு. யார்ட பேரைத் தேடுறீங்க?

— சின்னத்தொரை பேரு.

— அல்லாவே. கழுதைக்கு யாரு பாஸ்போட் குடுப்பான்?

— பாரம் நெரப்புனப்ப கிளாக்கய்யா “வீட்டுல எத்தன பேரு”ன்னு கேட்டாருங்க. மூணுன்னேன். பேரு கேட்டாரு, சின்னத்தொரைன்னேன். வயசு அஞ்சுன்னேன். எழுதிக்கிட்டாரு. அப்ப எங்க வீட்டுக்காரருதான் பின்னாலயே போயி அந்தப் பேரை வெட்டச் சொல்லியிருக்காரு.

— நல்ல வேலை செஞ்சாரு. எங்க அவரு?

— பொட்டியோட ஸ்டேசன்ல ஒக்காந்திருக்காரு. சின்னத்தொரை வாசல்ல நிக்குது.

— ஸுபைதா, கதவடிக்கு வா. கருவாட்டுச் சாக்கைக் கடிக்கிது பாரு.

— இதா கழுதை? ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு. என்னைய மொறைக்கிறதைப் பாருங்க, கடைக்குச் சொந்தக்காரன் போல.

— வளரலீங்க அக்கா. என் இடுப்புக்கே வராது. கொணம் மட்டுந்தான் வளந்திச்சு. கங்காணி கொடையை ரெண்டு தடவ தின்னுருச்சு.

— அதுக்குச் சின்னத்தொரைன்னு பேரா?

— தேயிலை மலைக்கு வந்திச்சுன்னா நெரை நெரையா நின்னு பாத்துக்கிட்டுப் போகுங்க, கை ரெண்டும் பின்னால கட்டாத கொறைதான். ஒரு நாளு “சின்னத்தொரை வர்றாரு”ன்னு சொன்னேன். அம்பது பொம்பளைங்க பேச்சை நிப்பாட்டிட்டுக் கொழுந்து எடுத்தாங்க. எங்க தோட்டத்து அதிகாரி, அந்த நெசமான சின்னத்தொரை காதுக்குப் போயி, பேரை மாத்தச் சொன்னாரு.

— மாத்தினீங்களா?

— அவருதாங்க மாத்தலாகிப் போனாரு.

— எல்லாம் என்னால வந்தது. கல்பிட்டியில தாய் செத்த குட்டி. கருவாட்டு லொறியில போட்டுக்கொண்டு வந்து ஒங்கட லயத்து வீட்டு வாசல்ல எறக்கினேன். ரெண்டு நாள் தாங்காதுன்னுதான் நெனச்சேன்.

— எம்புள்ள போயி மூணாவது வாரங்க அது. பால் போத்தலும் சூப்பியும் கழுவி வச்சபடி கெடந்திச்சு. மொத நாளே வெரலைக் கடிச்சிருச்சு. இந்தாங்க, தழும்பு.

— இப்ப நான் என்ன செய்யணும், தங்கச்சி?

— வச்சுக்கங்க. தோட்டத்துல விட்டா அடிச்சு வெரட்டிருவாங்க.

— கருவாட்டுக் கடையில கழுதையா? சனம் சிரிக்கும். அடுத்த கிழமை லொறி போகுது. கல்பிட்டியிலயே விட்டுர்றேன். அதுட ஊருதானே.

— அங்க பொறந்திச்சு, அவ்வளவுதாங்க. அதுக்கு எங்க ஸ்பிரிங்வெளித் தோட்டத்தத் தவுர ஒண்ணும் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம் நான் கண்ணால பாக்காத ஊரை எனக்கு ஊருன்னு எழுதிட்டாங்க. அதுக்கும் நீங்க அப்பிடிச் செஞ்சிறாதீங்க மொதலாளி.

— பின் வளவு சும்மாதானே கெடக்கு. வச்சிக்கிட்டா ஒங்களுக்கு என்னா கொறையுது?

— ஸுபைதா, நீயுமா? சரி. கயித்தைத் தாங்க, கருப்பம்மா.

— கயிறு சரிவராதுங்க. போன மாசம் பழகட்டும்னு கட்டிப்போட்டுட்டு மலைக்குப் போனேன். வந்து பாத்தா கழுத்தெல்லாம் ரத்தம்.

— அப்ப எப்பிடி இதை இங்க வரைக்கும் கொண்டு வந்தீங்க?

— மொகத்தைப் பாத்து இழுத்தா அசையாதுங்க. முதுகைக் காட்டி நடந்தா போதும், எங்கன்னாலும் பின்னால வந்துரும். ஸ்பிரிங்வெளியில இருந்து நான் ஒரு தடவகூட திரும்பிப் பாக்கல. பாத்தா அங்கயே நின்னுரும்.

— அப்பிடின்னா இப்ப ஸ்டேசனுக்கும் ஒங்களுக்குப் பின்னாலயே வருமே.

— வருங்க.

— அதுக்கு என்ன வழி?

— எங்க வீட்டுக்காரரு கண்டிசனாச் சொன்னாரு. ஊரை விட்டுப் போறப்ப திரும்பிப் பாக்கக் கூடாது, போற எடம் வெளங்காதுன்னு. புள்ளையப் பொதைச்ச அன்னிக்கும் எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க. நான் பாக்கலீங்க.

— நேரமாகுது, தங்கச்சி.

— இடிச் சத்தத்துக்குப் பயப்படும், மழையன்னிக்கு உள்ள விட்டுருங்க. சீனித் தண்ணின்னா உசிரு. கடிச்சா அடிக்காதீங்க. பேரைச் சொல்லுங்க, விட்டுரும்.

— சொல்றேன்.

— வர்றேங்க மொதலாளி. வர்றேங்க அக்கா. தொரை, நில்லு. என்னையவே பாத்துக்கிட்டு நில்லு.

— ஸுபைதா, போறாங்களா? எனக்குப் பாக்க ஏலா.

— போறாங்க. சைக்கிள்காரன் மணி அடிக்கிறான். ஒதுங்கத் தெரியல்ல, ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள கால் போச்சு. திரும்ப எழும்பி நடக்கிறாங்க.

— ரோட்டைப் பாத்து நடந்தா என்னா?

— ரோட்டைப் பாக்கல்ல. எங்கட கடையைப் பாத்தபடி, பின்னுக்குப் பின்னாத்தான் போறாங்க.

— ரோட்டு முடக்கு தாண்டிட்டாங்களா?

— தாண்டிட்டாங்க.

— கழுதை?

— நிக்குது.