தெருமுனை ஹாரன்

— ஒண்ணே முக்கா லட்சம். ரொக்கம். நீங்க சரின்னு தலைய ஆட்டுனாப் போதும், சாயங்காலத்துக்குள்ள பணம் வீடு தேடி வந்துரும், மைக்கேல்ராஜ் சார்.

— விக்கிறதுக்கு வரலை, நல்லகாமன். நான் ஸ்டாண்டு போடுறதுக்குள்ள எதுக்கு விலை சொல்ற?

— நானா சொல்றேன்? அழகர்கோவில் ரோட்டுல ஒரு பார்ட்டி. உங்க மகன் ஆன்சன் ஓட்டுன காலத்துலயே இந்தப் புல்லட்டுப் பின்னாடி நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலைஞ்சவன். பதினோரு வருசத்து வண்டிக்குப் புது வண்டி விலை தாரேங்கிறான். எதுக்கு? அந்தச் சத்தத்துக்கு. எங்கய்யாவோட பழைய இரும்புக் கடைக் கல்லாவுல உக்காந்து வளந்தவன் சார் நான். ஆணிக்கு விலை கேப்பேன், பட்டைக்கு விலை கேப்பேன். காத்துல போற சத்தத்துக்கு ஒருத்தன் விலை வச்சு இப்பத்தான் பாக்குறேன்.

— அந்தச் சத்தத்தைக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன்.

— ஆத்தாடி! பேசுறது யாரு? "எம் மகனைக் கெடுத்த பய நீதான்டா, அந்தச் சைலன்சரைக் கழட்டிக் கம்மாயில எறி"ன்னு இதே பட்டறை வாசல்ல நின்னு கத்துனது வேற ஆளா?

— நான்தான். அதாவது, அப்ப.

— ரைட்டு. உக்காருங்க. ஏன் சார், கண்ணாடிச் சாமானை இறக்குற மாதிரி உக்கார்றீங்க?

— முதுகு. இந்த வண்டியாலதான். கைப்பிடியை வெட்டித் தாழ்த்தி வச்சிருக்கான். டேங்க்குமேல கவுந்து படுத்துத்தான் ஓட்டணும். சீட்டு சவப்பலகை மாதிரி இருக்கு. இருபத்தாறு வயசுக்காரன் தன் உடம்புக்குச் செஞ்சுக்கிட்டது. எனக்கு அறுபத்தஞ்சு.

— உங்க ஸ்கூட்டர் என்னாச்சு?

— ஸ்கூட்டர்ல அந்தச் சத்தம் வராதே.

— ஆனையூரே சிரிக்குது சார். பள்ளிக்கூடத்துல கிளார்க்கா இருந்த மனுசன், உள்ள விட்ட சட்டை, பையில ரெண்டு பேனா, இந்த வயசுல எளந்தாரி வண்டி. அதுல பெரிய கூத்து என்னன்னா, ஊரே காதைப் பொத்துற வண்டிய வச்சுக்கிட்டு, இப்ப இந்தச் சந்துல திரும்பும்போது பீப் பீப்னு ஹாரன் வேற அடிச்சீங்களே! ஒரு நாய் கூட இல்ல சார் சந்துல.

— திருப்பத்துல ஹாரன் அடிக்கணும். முப்பது வருசப் பழக்கம். சட்டமும் அதுதான்.

— சட்டத்துக்கு மாத்துன சைலன்சரும் ஆகாதே?

— ஆகாதுதான். போன வாரம் ரிங் ரோட்டுல ஒரு போலீஸ்காரத் தம்பி மறிச்சான். "பெருசு, இந்த வயசுல இது தேவையா"ன்னான். அபராதத்தைக் கட்டிட்டு ரசீது கேட்டேன். ரசீது கேட்டதுலதான் பயந்துட்டான்.

— தெருவுல? மனு எழுதுன மகராசங்க சும்மாவா இருக்காங்க?

— அதான் ஆச்சரியம். ஆன்சன் இருந்தப்ப, சத்தம் தாங்கலைன்னு தெருவே சேர்ந்து மனு போட்டுச்சு. முதல் கையெழுத்து நான்தான். இப்ப ஒரு வீட்டுல வாயைத் திறக்கலை. நான் தெருவுக்குள்ள வந்தா ஒண்ணு ரெண்டு வீட்டுல டிவி சத்தத்தைக் குறைக்கிறாங்க. அவ்வளவுதான்.

— ஆன்சன் ஒரு நா ஹாரனைத் தொட்டதில்ல சார். "எஞ்சினே பேசுதுல்லண்ணே, ஹாரன் எதுக்கு"ம்பான். தப்பா எடுத்துக்காதீங்க. அவன் பேரு தானா வாயில வந்துருது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வெள்ளைச் சட்டையோட இங்க வந்து, என் வெல்டிங் மிசினை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துருவான். இந்த வண்டியில அடுத்தவன் கை படல. வெட்டு, ஒட்டு, அம்புட்டும் அவன்தான்.

— வண்டி அவனைக் கொன்னுரும்னு பயந்துக்கிட்டே கிடந்தேன். வண்டியில ஒரு கீறல் இல்லை. கப்பலூர்ல, வேலை பாக்குற இடத்துல, மிசினைத் தொட்டான். கரண்டு. அவ்வளவுதான்.

— தெரியும் சார். பெட்டியத் தூக்குனதுல நானும் ஒருத்தன்.

— தெரசா அன்னைக்கு ஆஸ்பத்திரியில கிடந்தா. அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. இன்னொரு அதிர்ச்சி வந்தா உங்க வீட்டம்மா தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். பெத்தவளுக்குத் தெரியாமப் புள்ளைய அடக்கம் பண்ணிட்டு, பழச்சாறு வாங்கிக்கிட்டு வார்டுக்குப் போனேன்.

— ம்.

— வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே கேட்டா, "ஆன்சன் எங்கே?"ன்னு. "செகண்டு ஷிப்டு போட்டுட்டாங்க. நீ படுத்தப்புறம் வாரான், நீ எந்திரிக்கிறதுக்கு முந்திக் கிளம்பிர்றான்"னுட்டேன். வாய் தானாச் சொல்லிருச்சு. அன்னைக்கு அவ தூங்கவே இல்லை. தெருப் பக்கம் காதை வச்சுக்கிட்டுக் கிடந்தா. மறுநாள் வண்டிய எடுத்தேன்.

— தினமுமா?

— தினமும். வாக்கிங் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புவேன். வண்டி என் சிநேகிதன் ஸ்டீபன் வீட்டு ஷெட்டுல நிக்குது. ஒம்பது மணிக்குத் தெருவுக்குள்ள வந்து கேட்டுக்கிட்ட நிறுத்துவேன். அவன் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வெளிப்படியில தடதடன்னு அவன் ரூமுக்கு ஏறுவேன். அப்புறம் வெறுங்காலோட இறங்கி, பின்கதவு வழியா உள்ள வருவேன். "புள்ள வந்துட்டானா?"ன்னு கேப்பா. "வந்துட்டான்"னு சொல்லுவேன். அப்புறம்தான் கண்ணை மூடுவா.

— மாடியில என்ன சார் பண்ணுவீங்க?

— சாப்பிடுவேன்.

— சாப்பிடுவீங்களா?

— சமையலுக்கு வர்ற முத்துமீனாகிட்டச் சொல்லி, புள்ளைக்குன்னு ஒரு தட்டு மாடியில வைக்கச் சொல்லியிருக்கா தெரசா. நாலு சப்பாத்தி, முட்டைக் குழம்பு. காலையில தட்டு காலியா இருக்கணுமே. அதனால நானே...

— நாய்க்குப் போட்டுறலாமே.

— மகனுக்குன்னு வச்சதுப்பா. எப்படி நாய்க்குப் போடுறது?

— ஆனா சார், ஆன்சன் முட்டையே தொட மாட்டானே? கொத்து பரோட்டாவையே முட்டை இல்லாமப் போடச் சொல்லி, கடைக்காரன்கிட்டத் திட்டு வாங்குற பயல்ல அவன்?

— தொட மாட்டான்தான். முட்டைக் குழம்பு எனக்குத்தான் பிடிக்கும். உடம்பு விழுந்ததுல அவளுக்கு ஞாபகம் குழம்பிருச்சுன்னு நினைக்கிறேன். திருத்த மனசு வரலை.

— ரைட்டு. வண்டியப் பாப்போம். ...சார், இங்க கொஞ்சம் குனிஞ்சு, இல்லல்ல, நீங்க குனியாதீங்க, நானே சொல்றேன். சைலன்சருக்கு அடியில துரு. விரல் உள்ள போகுது. அடுத்த மழை தாங்காது.

— அடைச்சுக் குடு.

— அடைக்கலாம். சத்தம் மாறிரும். உள்ள ஒரு குழாயை அவனே துளை போட்டுச் சொருகியிருக்கான். அதை வெளிய எடுக்கணும்னா அறுக்கணும். அறுத்தா அது செத்துச்சு. வேற குழாய் போட்டா வண்டி நல்லாத்தான் ஓடும். ஆனா நெஞ்சுல தட்டுற மாதிரி வர்ற தும்தும் வராது.

— அப்ப வேண்டாம். தொடாத.

— கொஞ்சம் மாறுனா மாறட்டுமே சார். தெரசா டீச்சரம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?

— பெத்தவளுக்குத் தெரியாதா? ரெண்டு தெரு தள்ளி வரும்போதே "புள்ள வந்துட்டான், தோசைக் கல்லைப் போடு"ம்பா. அந்தக் காதை ஏமாத்த முடியாது. உன்னால அதே சத்தம் கொண்டுவர முடியுமா, முடியாதா?

— முடியாது சார். பொய் சொல்லி யாவாரம் பண்ணலாம். இதுல பண்ண மாட்டேன்.

— அப்ப முடிஞ்சுபோச்சு.

— என்ன முடிஞ்சுபோச்சு?

— அந்த அழகர்கோவில் ரோட்டுக்காரனுக்குப் போன் போடு. சத்தம் உசுரோட இருக்கும்போதே வித்துரு. இன்னைக்கே தெரசாகிட்டச் சொல்லிடுறேன். எம்புட்டு நாளைக்கு இதை இழுக்கிறது? தாங்குனாத் தாங்கட்டும். இல்லேன்னா எனக்கும் சேர்த்து ஒரு பெட்டி.

— சார், என்ன பேச்சு இது? கொஞ்சம் பொறுங்க. முதல்ல இந்தச் சீட்டைப் பாருங்க. இதைப் போட்டா முதுகு தேவலாம் ஆயிரும்.

— யார் வண்டிக்குத் தச்சது இது?

— உங்க வண்டிக்குத்தான்.

— நான் இன்னைக்குத்தானே வந்திருக்கேன்?

— ஒரு குத்துமதிப்பாத் தச்சு வச்சேன். இந்தா பாருங்க, உசரமான ஹேண்டில் கூட...

— இரு, இரு. முதுகெலும்பு முடியிற இடத்துக்கு நேரா பள்ளம் விட்டிருக்கு. இடது பக்கம் ஸ்பான்ஜ் கொஞ்சம் கூட. என் இடது இடுப்பு இறங்கியிருக்குன்னு எலும்பு டாக்டருக்குத் தெரியும். தெரசாவுக்குத் தெரியும். உனக்கு எப்படித் தெரியும்?

— நடையப் பாத்தே...

— நல்லகாமன்.

— சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் சார்.

— யாருக்கு? சொல்ல மாட்டியா? சரி. நீ போன் போடலேன்னா நானே அந்த ஆளைத் தேடிப் போறேன்.

— டீச்சரம்மாவுக்கு, சார்.

— தெரசாவால தனியா வாசப்படி தாண்ட முடியாது.

— முத்துமீனா தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தாக. எக்சசைஸுக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு, ஆட்டோவ இங்க திருப்பிட்டாக. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தச் சேர்லதான் உக்காந்தாக. "அவர் முதுகு வலியில்லாம வீடு வந்து சேரணும்பா. நீயா கூப்பிட்டா வர மாட்டார், தாங்க முடியாதப்ப தானா வருவார். அதுக்குள்ள தச்சு வையி"ன்னாக.

— அவர்னா?

— நீங்கதான் சார்.

— அவளுக்குத் தெரியுமா?

— ஆஸ்பத்திரியிலயே தெரியும். ஜெபம் பண்ண வந்த ஒரு சிஸ்டர், பாவம், விவரம் தெரியாம, "உங்க மகன் ஆன்மாவுக்காகப் பூசை வச்சோம்மா"ன்னு கையப் பிடிச்சிருக்காக.

— சேசுவே. அப்ப வீட்டுக்கு வந்ததும் "ஆன்சன் எங்கே"ன்னு கேட்டாளே?

— நீங்க வாயத் தொறந்து சொல்லிட்டு, கூட உக்காந்து அழுவீங்கன்னு கேட்டாகளாம். நீங்க செகண்டு ஷிப்டுன்னுட்டீங்க. மறுநா தெருவுல வண்டிச் சத்தம். "ஒரு நிமிசம் எல்லாம் பொய்யாப் போச்சுன்னு நினைச்சேன்பா, எந்திரிக்கப் பாத்தேன்"னாக. அதுக்குள்ள முனையில பீப் பீப்.

— ஹாரன்.

— "எம் மகன் ஹாரன் அடிக்க மாட்டான். அந்த முனையில அடிக்கிற மனுசன் ஒருத்தர்தான்"னாக. அதைச் சொல்லும்போது சிரிச்சாக சார். சிரிச்சுக்கிட்டே அழுதாக.

— அன்னைக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே அவ? ஏன் சொல்லலை?

— அடக்கம் முடிஞ்சதுல இருந்து நீங்க பச்சத் தண்ணி குடிச்சுக்கிட்டுத் திரியுறீங்கன்னு முத்துமீனா சொல்லியிருக்கு. டீச்சரம்மாவே கெஞ்சிப் பாத்தாகளாம், தட்டைத் தள்ளி வச்சிட்டீங்களாம். "அவருக்குன்னு வச்சாத் தொட மாட்டேங்குறாரு. புள்ளைக்குன்னு வச்சா வழிச்சுச் சாப்பிடுறாரு"ன்னாக. டீச்சரம்மாவுக்கு ஞாபகம் ஒண்ணும் குழம்பலை சார்.

— முட்டைக் குழம்பு.

— சைலன்சரையும் கேட்டேன். சத்தம் மாறுமேம்மான்னேன். "மாறட்டும். நான் சத்தத்துக்கா முழிச்சுக் கிடக்கேன்?"னாக.

— ஒரு டம்ளர் தண்ணி குடு.

— இந்தாங்க. நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க சார். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு, பண்ணுன சத்தியம் சும்மா விடாது.

— நான் எதையும் கேக்கலை, நீ எதையும் சொல்லலை. வேலைய ஆரம்பி. ஒம்பது மணிக்கு நான் தெருவுல இருக்கணும். எம்புட்டு ஆச்சு?

— சீட்டு, ஹேண்டில், கால் வைக்கிற கம்பி, சைலன்சர் ஒட்டு, அம்புட்டுக்கும் கணக்கு முடிச்சுட்டாக. ஒரு கை வரலை, நாக்கு லேசா இழுக்குது, அப்படியும் பேரம் பேசி என் கூலியில முந்நூறு ரூவா கழிச்சுட்டாக. எங்கய்யா இருந்திருந்தா கல்லாவுலயே உக்கார வச்சிருப்பாரு. உங்க பக்கம் பாக்கி ஒண்ணும் இல்ல சார்.

— இருக்கு.

— என்ன சார்?

— ஹாரன் கொஞ்சம் கம்முது. உள்ரூம் வரைக்கும் கேக்குற மாதிரி நல்லதா ஒண்ணு மாட்டு. மத்ததெல்லாம் அவ கணக்கு. அது மட்டும் என் கணக்கு.