பதினாலாம் பக்கம்

டைப்பிஸ்ட்: ...இல்லண்ணே, ஜட்ஜம்மா சொல்லச் சொல்ல காதால கேட்டதைத்தான் டைப் அடிச்சேன்.

குமாஸ்தா: முதல்ல உட்காரு. கால்ல சக்கரமா கட்டியிருக்கு?

டைப்பிஸ்ட்: உட்கார முடியலை. தீர்ப்புல பதினாலாம் பக்கம் பாருங்க. கிடங்குக்குத் தீ வச்சதுல மூணாவது ஆளுக்குச் சம்பந்தமே இல்லைங்கறாங்க. கடைசிப் பக்கத்துல அவனுக்கே ஏழு வருஷம்.

குமாஸ்தா: ஜட்ஜம்மா சொன்னா அதுல ஏதாவது...

டைப்பிஸ்ட்: ஏதாவது என்ன?

குமாஸ்தா: மெதுவா பேசு. உள்ளேதான் இருக்காங்க.

டைப்பிஸ்ட்: நான் என்ன அவங்களைக் குறை சொல்லவா வந்தேன்? பன்னெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்னுடறேன்.

குமாஸ்தா: நீ மட்டுமா... மந்திரியோட தம்பியையே, 'பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துட்டு நில்லுங்க'ன்னாங்களே. அன்னிக்கு கோர்ட்ல ஒருத்தர் இருமலை.

டைப்பிஸ்ட்: அவங்ககிட்டப் போய், 'தப்பா சொல்லிட்டீங்கம்மா'ன்னு எந்த வாயால சொல்றது?

குமாஸ்தா: சொல்லாதே. விடுதலைன்னு மாத்தி அடிச்சு வை. கையெழுத்துப் போட்டுடுவாங்க.

டைப்பிஸ்ட்: படிச்சுப் பார்க்காமயா?

குமாஸ்தா: அந்தப் பேப்பரை இப்படிக் கொடு.

டைப்பிஸ்ட்: அண்ணே, உங்களைத்தான் கேக்கறேன்.

குமாஸ்தா: மணி ரெண்டு ஐம்பது. மூணுக்கு வாசிக்கணும். அந்த ஆளோட பொண்டாட்டி காலையிலேருந்து மாடிப்படியில உட்கார்ந்திருக்கா. மாத்தப் போறியா, இல்லையா?

டைப்பிஸ்ட்: மாட்டேன். இன்னிக்கு இவனை நான் விடுதலை பண்ணிட்டா, நாளைக்கு இன்னொருத்தனையா? தீர்ப்பு அவங்களோடதா, என்னோடதா?

குமாஸ்தா: அப்போ போய்ச் சொல்லு. அந்த முகம் வாடிப்போறதை நீயே நின்னு பாரு.

டைப்பிஸ்ட்: நீங்களும் வாங்களேன்... தனியா முடியாதுண்ணே.

குமாஸ்தா: ஒரு தடவை நாக்கு தவறினதுக்கு இவ்வளவு பெரிய ஆளை...

டைப்பிஸ்ட்: ஒரு தடவை இல்லண்ணே. ஆறு மாசமா தேதி, பேரு, சாட்சி நம்பர்... எல்லாத்தையும் நான்தான் சத்தமில்லாம திருத்தறேன். வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலை.

குமாஸ்தா: நீ திருத்தினதுக்கு அப்புறமும் தப்பு மிச்சம் இருந்துச்சும்மா. கையெழுத்துக்குப் போறதுக்கு முன்னாடி, ரெண்டு வருஷமா நான்தான்... கதவைத் தட்டு. நானே சொல்றேன்.