விரிப்பு எட்டாத ஓரம்

நான் வீட்டுக்குள் நாற்காலியை இழுக்க மாட்டேன் சார், தூக்கித்தான் வைப்பேன். என்னுடையது கீழ்வீடு. எனக்குக் கீழே யாரும் குடியில்லை. இருந்தாலும் சத்தம் போடாமல் இருப்பது ஒரு பழக்கம், அது வளர்ப்பில் வர வேண்டும்.

வீட்டுக்காரர் முகம்மது சலீமைக் காலையிலிருந்து இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் கட்டாயப்படுத்தி ரப்பர் விரிப்பு போடச் சொன்னதால்தான், தன் அப்பா உதவிக்குத் தரையைத் தட்டியது கீழே கேட்காமல் போய், அப்பாவின் உயிரும் போனது என்று மேல்வீட்டு ஜெனி புகார் கொடுத்திருக்கிறாள். அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். என் பெயர் குமரகுரு.

ஜெனி நர்ஸ். ஆலங்குளத்திலிருந்து அப்பா தாசையாவோடு தென்காசிக்குக் குடிவந்தவள். பெரியவருக்குப் பக்கவாதம். ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வந்த புதிதில் மேல்வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணாச்சி, நான் டூட்டிக்குப் போயிருக்கையில அப்பாவுக்கு ஏதும் வேணும்னா கம்பால தரையைத் தட்டுவாங்க. ஒரு எட்டு மேல வந்து பாத்துட்டுப் போறீயளா?”

சரி என்றேன். யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். முதலில் தண்ணீருக்குத் தட்டினார். பிறகு ஃபேனைக் கூட்ட, குறைக்க, ஜன்னலைச் சாத்த. கடைசியில் ஒன்றுமே வேண்டாமல் தட்ட ஆரம்பித்தார். மூச்சு வாங்க மேலே போனால், பாதி முகத்தில் சிரித்துக்கொண்டு, உட்காரச் சொல்லிக் கட்டிலைத் தட்டிக் காட்டுவார். எனக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தால் நான் கல்யாணம் செய்துகொண்டிருப்பேனே சார்.

சீசன் நேரம். குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் காலையிலிருந்தே ஹாரன் அடித்துத் தள்ளுகின்றன. மத்தியானமாவது வீடு அமைதியாக இருக்க வேண்டாமா? சலீமிடம் போனேன். மேல்வீட்டுத் தரையில் விரிப்பு போட வேண்டும், மத்தியானச் சாப்பாட்டிலிருந்து சாயங்காலம் வரை தட்டல் முட்டல் கூடாது என்று விதி வைக்கச் சொன்னேன். முடியாத மனுசனிடம் இதை எப்படிச் சொல்வது என்று இழுத்தார். அப்படியானால் நான் காலி செய்கிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார். ஆக, விதி அவர் வாயில் வந்தது, யோசனை என்னுடையது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விரிப்பை நானே பார்த்து வாங்கி, நானே சுமந்துபோய் விரித்தேன். வழுக்காமல் இருக்கும் என்று ஜெனிக்குச் சந்தோஷம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மட்டும் விரிப்பு எட்டவில்லை. அங்கே வெறும் டைல்ஸ். கீழே கேட்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்ததால் சோதித்துப் பார்த்தோம். அவள் மேலே நின்று தட்டினாள், நான் கீழே நின்றேன். விரிப்பின் மேல் தட்டியது கேட்கவில்லை. ஓரத்தில் தட்டியது கணீரென்று கேட்டது. அப்பாவுக்கு அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். அவரும் பிடித்துக்கொண்டார்.

ஆனால் நேரத்தைத்தான் அவர் பிடித்துக்கொள்ளவில்லை. சரியாக நான் தலையைச் சாய்க்கிற நேரத்தில் தட்டுவார். மேலே போய்ப் பக்குவமாகச் சொன்னேன். தலையாட்டினார். மறுநாளும் தட்டினார். எனக்கு ஆத்திரம் வந்தது, மறைக்கவில்லை. அழுதவுடன் தூக்கினால் பிள்ளை அதற்கே பழகிவிடும் என்பார்கள் இல்லையா? விதி உள்ள நேரத்தில் தட்டினால் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். அவருடைய நன்மைக்கும் சேர்த்துத்தான்.

அன்றைக்குச் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுப் படுத்தேன். தலைக்கு மேல் தொப்பென்று ஒரு சத்தம். கட்டில் நகர்ந்த சத்தம். அப்புறம் தட்டல்.

வேலை முடிந்து வந்த ஜெனி, அவர் விரிப்பின் மேல் விழுந்து கிடந்ததைப் பார்த்தாள். உடனே கீழே ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, ஒங்களுக்குக் கேக்கவே இல்லியா?”

இல்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஒங்களச் சொல்லி என்ன அண்ணாச்சி, அந்தப் பாழாப்போன விரிப்பைப் போட விட்டேனே, என்னைச் சொல்லணும்” என்றாள். எனக்கு மனசு சங்கடப்பட்டது. ஒரு நல்ல விதி மேல் வீணாகப் பழி விழுகிறதே என்று.

அவர் பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் டம்ளரை நீங்கள் எடுத்து வைத்திருப்பீர்கள். விளிம்பு நசுங்கியிருக்கும். ரப்பரில் தட்டினால் டம்ளர் நசுங்குமா? நல்ல கையை நீட்டி, அந்த ஓரத்தைத் தேடிப் பிடித்துத்தான் தட்டியிருக்கிறார். விரிப்பின் மேலும் குற்றமில்லை, சலீமின் மேலும் குற்றமில்லை. எனக்குக் கேட்டது சார். விழுந்ததும் கேட்டது, தட்டியதும் கேட்டது.

முதலில் பலமாக, விடாமல் தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு விட்டு விட்டுத் தட்டினார். அப்புறம் வேகம் குறைந்தது. போகப் போக, மழைச் சத்தத்தில் காது கொடுத்தால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் சொல்லியும் கேட்காத மனிதர், அடுத்தவருக்குத் தொந்தரவில்லாமல் மெதுவாகத் தட்ட ஒருவழியாகக் கற்றுக்கொண்டாரே என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், அவர் மேல் எனக்குப் பிரியம் வந்ததே அன்றைக்குத்தான்.