லைனில் ஒருவர்

பஸ்ஸர் தானாகவே அலறியது. யாரும் அதன் பக்கத்தில்கூட இல்லை.

மேடையில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த தொகுப்பாளர் துள்ளியதில் டப்பா கவிழ்ந்து, அவருடைய கறுப்புக் கோட்டு பாதி வெள்ளையாகிவிட்டது. எல்லோரும் சிரித்தோம். எலக்ட்ரீஷியன் ஓடிவந்து மேசைக்கடியில் தலையை விட்டுப் பார்த்து, "ஒயர் கருகிப்போச்சு. கொஞ்சம் பொறுங்க" என்றார். படப்பிடிப்பு தள்ளிப்போனது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று அந்த பஸ்ஸர் ஒழுங்காக இருந்திருந்தால் தாமதமே ஆகியிருக்காது. பழியில் அதற்கும் ஒரு பங்கு போகட்டும். நான் நியாயமாகப் பேசுகிறவள்.

'வீடா, வெள்ளித்திரையா' என்ற போட்டி நிகழ்ச்சி உங்களுக்கு ஞாபகமிருக்க வாய்ப்பில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக்கூட அது ஓடவில்லை. ஒரு பக்கம் சாதாரணக் குடும்பம் ஒன்று, எதிர்ப் பக்கம் சினிமா நட்சத்திரங்கள். கேள்விக்கு முதலில் பஸ்ஸரைத் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிச்சத்தைப் பார்த்ததும் குடும்பங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நட்சத்திரங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லியே ஜெயித்துவிட்டுப் போவார்கள். வாராவாரம் இதே கதை. "எங்க வீட்டு ஆளுங்களக் கூப்பிட்டு மூக்கறுத்து அனுப்பவா இந்த நிகழ்ச்சி?" என்று பார்க்கிறவர்கள் கேட்டார்கள். கடைசியில் தயாரிப்பாளர் எங்களை நிற்கவைத்துச் சொன்னார்: "இந்த வாரமாவது ஒரு குடும்பம் ஜெயிக்கணும். இல்லன்னா கடையைச் சாத்திட்டுப் போயிடலாம்."

குடும்பங்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. 'வீட்டு லைன்' என்ற சுற்று என்னுடைய யோசனை. குடும்பத்தில் ஒருவர் வீட்டிலேயே போன் பக்கத்தில் இருப்பார். கடைசிக் கேள்விக்கு அவரைக் கேட்கலாம். முதலில் இரண்டு தடவை இது சொதப்பியது. ஒரு வீட்டில் யாரோ போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஆளே குளிக்கப் போய்விட்டார். அதனால் ஒரு விதி எழுதினேன். ஆரம்பத்திலிருந்தே லைன் போட்டபடி இருக்க வேண்டும், நடுவில் துண்டித்தால் அந்தச் சுற்று போச்சு. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

அந்த வாரம் வந்தது ஒரு தையல்காரரின் குடும்பம். அவருடைய மனைவி, வாய் ஓயாத மச்சான், மகள். மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற, நன்றாக வளர்ந்த பெண். மேக்கப் அறையில் மச்சான் கண்ணாடி முன்னால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க கதாநாயகன் இல்ல. கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றாள் பாப்பா.

"உனக்கென்னடி தெரியும்? ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது. யாராவது டைரக்டர் பாத்தாலும் பாப்பாரு."

"பாத்தா வில்லன்தான் கெடைக்கும்" என்றார் அவருடைய அக்கா, பாப்பாவின் அம்மா. எனக்கு அந்தக் குடும்பத்தை அப்போதே பிடித்துப்போயிற்று. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

தையல்காரர் வரவில்லை. கூட்டத்தைக் கண்டாலே அவருக்கு வியர்த்துவிடுமாம். வீட்டு லைனில் அவர்தான். நான் கண்ணாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரைப் பிடித்தேன்.

"அம்மா, அந்தச் சிரிப்பு நடிகர் வந்திருக்காரா?" என்றார்.

"வந்திருக்கார் சார்."

"பேன்ட்டு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"இருக்காதும்மா. அவரு படம் எல்லாத்துலயும் பாத்திருக்கேன், இடுப்புல ஒரு விரக்கடை லூசு. எங்கிட்ட அனுப்புங்க, பிடிச்சு விடறேன்."

அப்படிப்பட்ட மனிதர். எலக்ட்ரீஷியன் மேசைக்கடியில் கிடந்த நேரம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பாப்பா பள்ளி நாடகத்தில் மரமாக நின்று தூங்கிப்போன கதையைச் சொன்னார். நடுவில் ஒரு தடவை அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. வயதானவர்களுக்கு வாங்கத்தான் செய்யும். காற்றாடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். எழுந்தால் போன் ஒயர் எட்டாது என்றார். சரி, அப்படியே இருங்கள் என்றேன்.

வேர்க்கிறது என்றார். இடது கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். நாள் முழுக்க கத்தரிக்கோல் பிடிக்கிற கை, இருக்கும் என்றேன்.

என் மேசையில் இன்னொரு போன் இருந்தது. வெளி அழைப்புகளுக்கானது. அதில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அதில் கேன்டீனைக் கூப்பிட்டு எலக்ட்ரீஷியனுக்கு டீ அனுப்பச் சொன்னேன். வேலை செய்கிறவர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் அல்லவா.

விதியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் போனை வைத்திருந்தால் நானே மறுபடி போட்டிருக்கலாம். கண்ணாடி அறைக்குள் நான் மட்டும்தான். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மறுபடி போடும்போது அவர் எடுக்காமல் போனால்? என் சுற்று மூன்றாவது தடவையும் சொதப்பினால்? நான் அதையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. பாப்பா பிரமாதமாக ஆடினாள். சிரிப்பு நடிகர் ஒரு பதில் சொன்னால் இவள் ஒன்று சொன்னாள். எதிரில் இருப்பது நட்சத்திரம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. கூட்டம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. தயாரிப்பாளர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது கடைசிக் கேள்வி வந்தது.

"ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு என்ன நிறம்?"

பாப்பா பஸ்ஸரைத் தட்டிவிட்டு, "எங்கப்பாவக் கேக்கறேன்" என்றாள். நான் லைனை அரங்கத்துக்குத் திறந்துவிட்டேன்.

முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது. அரங்கம் முழுக்க ஒலிபெருக்கியில் அந்த மூச்சு. சிரிப்பு நடிகர் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அதே மாதிரி இழுத்து இழுத்து மூச்சுவிட்டார். "என்ன சார், மாடிப்படி ஏறிக்கிட்டே பேசறீங்களா?" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரைக் குறை சொல்லக்கூடாது. அவருக்கு எதுவும் தெரியாது. சிரிக்கவைப்பது அவர் தொழில்.

"எங்கப்பா டென்ஷனானா இப்படித்தான்" என்று பாப்பாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடி அறையைப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தி, அப்பா நல்லா இருக்காரா என்று சைகையில் கேட்டாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

"கறுப்பு" என்றார் தையல்காரர். "மறந்துட்டியா பாப்பா... உன் கையிலருந்து... பிஸ்கட்டப் பிடுங்கிச்சே."

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். மச்சான் சிரிப்பு நடிகரையே கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். தையல்காரர் மனைவி அழுதார். முதல் தடவையாக ஒரு குடும்பம் ஜெயித்துவிட்டது. தயாரிப்பாளர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். லைன் திறந்தேதான் இருந்தது. ஏதோ ஒரு பொருள் தரையில் உருண்டது. நூல்கண்டாக இருக்கலாம். அப்புறம் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "சார்" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். பிறகு வைத்துவிட்டேன்.

பாப்பா ஓடிவந்தாள். "அக்கா, அப்பாகிட்ட பேசணும்."

"வெச்சிட்டாரும்மா. சந்தோஷத்துல அவருக்குப் பேச்சே வரல" என்றேன். அது உண்மைக்கு மிகவும் தூரமில்லை. "முதல்ல போட்டோ எடுத்துக்கலாம் வாங்க. எல்லா நட்சத்திரங்களும் காத்திருக்காங்க." போட்டோ எடுத்தோம். கேன்டீனில் உட்காரவைத்து வயிறாரச் சாப்பிடவைத்தேன். மச்சானுக்குச் சிரிப்பு நடிகரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் அவசரப்பட்டபோதெல்லாம் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது.

வீட்டில் அவரை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டாம். ரிசீவர் மடியில் இருந்ததாம். அதை அவர் வைக்கவேயில்லை. சத்தம் நின்றதும் வைத்துவிட்டார் என்று நினைத்தேன் என்றேன்; நம்பினார்கள்.

நிகழ்ச்சியை எப்படியும் மூடிவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தை மக்கள் ரசித்தார்கள். அடுத்த வாரம் வந்த குடும்பம் பழையபடி தோற்றது. அரங்கத்தைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது.

ஆனால் அந்தக் குடும்பம் என்னை விடவில்லை. அவரிடம் கடைசியாகப் பேசியவள் நான். அதனால் நான் அவர்களுக்கு உறவாகிவிட்டேன். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் முதல் அழைப்பு. பாப்பாவுக்குக் குழந்தை பிறந்தபோது வீட்டு ஆட்களுக்கு முன்னால் என் கையில்தான் கொடுத்தார்கள். மச்சான் என்னைத் தங்கச்சி என்கிறார். தையல்காரர் மனைவி எனக்கு எடுத்து வைக்கிற சாப்பாட்டை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன்.

ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். என்ன சொன்னார், வேறென்ன சொன்னார் என்று. நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது கொடுப்பேன். பாப்பாவை நினைத்துப் பெருமைப்பட்டார் என்றேன். உங்கள் சமையலைப் பற்றிப் பேசினார் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். முடியவில்லையென்றால் வைத்துவிடுங்கள் என்று நான் கெஞ்சியதாகவும், என் மகள் ஜெயிக்கட்டும், வைக்க மாட்டேன் என்று அவரே பிடிவாதமாக இருந்ததாகவும் சொன்னேன். பல தடவை சொன்னதில் எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் குரல்கூடக் காதில் கேட்கிறது.

நேற்றும் போயிருந்தேன். பாப்பா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அக்கா, நான் ஜெயிச்சிருக்கக் கூடாது."

"ஏன்டா அப்படிச் சொல்ற?"

"எனக்காகத்தான அவர் போனை வைக்கல? நான் பாதியிலயே தோத்திருந்தா அவர் எழுந்து போய் யாரையாவது கூப்பிட்டிருப்பாரு. நான் அங்க சிரிச்சிக்கிட்டு நின்னேன் அக்கா. எங்கப்பா மூச்சு விடறதக் கேட்டு எல்லாரோடயும் சேந்து நானும் சிரிச்சேன்."

குழாயை மூடாமலே நின்றாள். இத்தனை வருடமாக அவள் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்வதில்லை, குழந்தையோடு விளையாடினால்கூட வேண்டுமென்றே தோற்றுவிடுகிறாள் என்று அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறார். நான் அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "அவரா எடுத்த முடிவும்மா அது" என்றேன். வழக்கம்போல நன்றாகத்தான் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

அந்த மகளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

எலக்ட்ரீஷியன் இன்னும் மேசைக்கடியில்தான் இருந்தார். தையல்காரர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். பிறகு மெதுவாக, என்னைத் தொந்தரவு செய்கிறோமே என்கிற குரலில் கேட்டார்.

"அம்மா, நெஞ்சு ரொம்ப வலிக்குது. எதிர்வீட்டுல ஒரு நர்ஸம்மா இருக்காங்க. போனை வெச்சிட்டு அவங்கள ஒரு குரல் கூப்பிட்டுக்கட்டுமா?"

நான் குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னேன்.

"தாராளமா வைங்க சார். ஆனா பாப்பா தோத்துட்டு வந்து கேட்டா, உங்கப்பா போனை வெச்சதாலதான்னு அவகிட்ட நான் சொல்லிடுவேன்."